மலைக்கு அந்தாண்ட பாட்டு

பழைய ரேடியோவைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவந்த மத்தியானத்தோடு பாஞ்சாலை சுப்பனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் ஒரு வேளைக் கஞ்சியோடு தீர்ந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. ரேடியோ இருந்த மாடத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சோப்புப் பெட்டி அளவு டப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் மாடத்தைத் துடைத்து அதில் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்தாள். அதோடு சரி.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலே காலம் தள்ள முடியுமா? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசலில் கட்டியிருந்த வெள்ளாட்டிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

“கஞ்சி ஊத்தி மூடி வச்சிருக்குது. துன்றவங்க துன்னலாம்னு சொல்லு.”

முதல் இரண்டு நாள் சுப்பன் ரோஷமாக இருந்து பார்த்தான். மண்வெட்டி பிடித்து வந்த உடம்பு, ரோஷம் எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றாம் நாள் அவனும் ஆட்டிடமே கேட்டான்.

“தொட்டுக்க இன்னா இருக்குதுன்னு கேளு.”

“நேத்து சுட்ட கருவாடுதான்னு சொல்லு.”

ஆடுதான் பாவம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அதன் கழுத்து நொந்துபோயிருக்கும்.

அந்தப் பழைய ரேடியோ மரப்பெட்டி ரேடியோ. கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்தது. புங்கமரத்தில் கம்பி கட்டி இழுத்துவிட்டால் மெட்ராஸ் அப்படியே வீட்டுக்குள் வந்து உட்காரும். களையெடுத்துவிட்டு வந்து, ஒரு மணிக்கு முறத்தை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவாள் பாஞ்சாலை. அவளுக்கென்று ஒரு பாட்டு உண்டு. என்ன படம், யார் பாடியது, ஒன்றும் தெரியாது. மாதத்துக்கு ஒரு தரம் வரும். வந்த அன்று குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

இத்தனையும் தெரிந்தவன் ஏன் கொடுத்தான்? அடி அண்ணாமலை முழுக்க அதே கேள்விதான் கேட்டது. கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் என்ற நினைப்பில் கொடுத்தான்.

திருவண்ணாமலைக்கு அரசாங்கம் ஒரு எஃப்.எம். ரேடியோ ஸ்டேஷன் கொடுத்திருந்தது. முழுக்க முழுக்கப் பாட்டு. மலைக்குக் கிழக்கே, வேட்டவலம் ரோட்டில் இடம் பார்த்து, கோபுரம் நிறுத்த அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டிய பதினொரு பேரில் சுப்பன் ஒருவன். ஜல்லி சுமந்தான், கம்பி தூக்கினான், பாறை வந்த இடத்தில் உளி பிடித்தான். கோபுரம் அவன் கண் எதிரேதான் வளர்ந்தது. தன் தோளில் ஏறி நின்று வளர்ந்தது போல அவனுக்கு ஒரு எண்ணம்.

அந்தப் பதினொரு பேரில் படிக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். நாற்பத்தாறு வயதில், அறிவொளி வகுப்பில், அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. கூட உட்கார்ந்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றதும் எழுந்துபோய்விட்டார்கள். பாஞ்சாலை இரண்டே நாளில், “மாட்ட யாரு கறக்கறது?” என்று எழுந்துவிட்டாள். சுப்பனுக்கு மட்டும் அது ஒரு நமைச்சல் போல ஒட்டிக்கொண்டது. பஸ் போர்டு, சுவரொட்டி, மிக்சர் மடித்த காகிதம் எதையும் விடமாட்டான். தாமதமாக வந்த எழுத்து என்பதால் அதன் மேல் அவனுக்கு மரியாதை ஜாஸ்தி. அச்சில் இருந்தால் அது உண்மை.

அந்த மரியாதைதான் அவனைக் கவிழ்த்தது. ஸ்டேஷன் ஆபீசுக்கு மணல் மூட்டை இறக்கப் போனபோது சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. நடுவில் சிவப்புப் பொட்டு. அதைச் சுற்றிப் பெரிய வட்டம். சுப்பன் மூட்டையோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்தான். போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர். பொட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வட்டத்துக்குள் பத்திரமாக, அடி அண்ணாமலை. அவன் ஊர் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சார், இந்த வட்டத்துக்குள்ள இருக்கற ஊருக்கெல்லாம் பாட்டு கேக்குமா சார்?”

இஞ்சினியர் ஆந்திராப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன். மூட்டை தூக்குகிறவன் படம் படிப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

“வட்டத்துக்குள்ளே இருந்தா கேக்கும். கேக்கணும்.”

கேக்கும் என்பதற்கும் கேக்கணும் என்பதற்கும் நடுவில் ஏழு மாசம் கிடக்கிறது என்று சுப்பனுக்கு அப்போது தெரியாது.

ஆபீசில் கிளார்க் ராஜேந்திரன் இருந்தார். திருவண்ணாமலைக்காரர், நெற்றியில் திருநீறு அழியாதவர். அவர் தன் பங்குக்குச் சொன்னார்: “சுப்பண்ணே, இனிமே எல்லாம் எஃப்.எம்.தான். அந்தக் காலத்துப் பெட்டிங்க எல்லாம் கோழி அடைக்கறதுக்குத்தான் ஆவும்.”

அந்த வாரமே தேரடித் தெருக் கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் திட்டம் போட்டார்கள். சுப்பன்தான் முதல் ஆள். புதியதில் எஃப்.எம். மட்டும்தான் எடுக்கும், மெட்ராஸ் எடுக்காது. தைப் பொங்கலுக்கு மறுவாரம் அது. சித்திரை முதல் தேதி ஸ்டேஷன் திறப்பு என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாசம்தானே, பொறுத்துக்கொள்ள மாட்டாளா?

சித்திரைக்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் நேரத்தில் அரசாங்கம் எதையும் திறக்கக் கூடாதாம். தேர்தல் முடிந்து திறக்கலாம் என்றால், வடக்கேயிருந்து வந்த பெட்டியில் இருக்க வேண்டிய சாமான் இல்லாமல் வேறு ஏதோ ஊருக்குப் போக வேண்டிய சாமான் இருந்தது. அது போய் இது வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் திறப்பார்கள்? ஒவ்வொரு தள்ளிவைப்பையும் சுப்பன் ஆட்டிடம் தெரிவித்தான். ஆட்டின் வழியாகப் பதில் வந்தது: “ஆருக்கு இன்னா அவசரம்னு சொல்லு. உப்பு ஜாடிக்கு அந்த மாடம் நல்லாத்தான் இருக்குது.”

கடைசியில் ஆவணிப் பௌர்ணமி என்று முடிவானது. அன்றைக்குக் கிரிவலத்துக்கு லட்சம் ஜனம் வரும், கூட்டம் கூட்டத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. திறப்பு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நேயர் விருப்பம் வைக்க வேண்டும். நேயர்களின் கடிதங்கள் பதினைந்து நாள் முன்னதாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும். ராஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னும் பாடவே ஆரம்பிக்காத ஸ்டேஷனுக்கு எந்தப் பைத்தியக்காரன் லெட்டர் போடுவான், சுப்பண்ணே?”

அவர் கண் மெல்ல சுப்பன் மேல் வந்து நின்றது. மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டு போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினார்.

மூன்று சாயங்காலம், அடி அண்ணாமலையில் அர்ஜுனன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சுப்பன் கார்டு எழுதினான். அர்ஜுனன் பாஞ்சாலைக்குச் சித்தப்பா மகன், சுப்பனுக்கு மச்சான் முறை. அதனால் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“எக்கா பேசறதில்ல, மாமா ஊருக்கே லெட்டர் எழுதறாரு பாருங்கப்பா. மாமா, அந்த ஆட்டுக்கும் ஒரு கார்டு போடுங்க. ஏழு மாசமா தூது போவுது.”

“வாய மூடிக்கினு உன் பேர சொல்லுடா. இன்னா பாட்டு வேணும்?”

“இன்னா பாட்டா இருந்தா இன்னா மாமா, சத்தமா இருக்கணும்.”

ஊரில் பாதிப் பேருக்கு அதே பதில்தான். ஜோதியம்மாள் இன்னும் தெளிவாகச் சொன்னாள்: “பாட்டே போட வேணாம்பா. எம் பேரு வந்தா போதும். வேட்டவலத்துல எங்க நாத்தனா கேட்டு வயிறு எரியணும்.” வருகிறவர்களுக்கெல்லாம் சுப்பன் எழுதினான். இரண்டாம் நாள் விரல் மரத்துப்போனது. கடப்பாரை பிடித்து மரத்ததே இல்லை அந்த விரல்.

மொத்தம் வந்து சேர்ந்த எழுபத்துநாலு கடிதத்தில் அறுபத்தொன்று அடி அண்ணாமலையிலிருந்து. எல்லாம் ஒரே கையெழுத்து. மேலிடத்துக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும், ‘அடி அண்ணாமலைப் பகுதி மக்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ராஜேந்திரன் அதைப் படித்துக்காட்டினார். சுப்பன் அதை வாங்கித் தானும் ஒரு தரம் படித்தான்.

கடைசிக் கார்டு அவனுடையது. அதை டீக்கடையில் எழுதவில்லை. ஸ்டேஷனில், கோபுரத்தின் காலடியில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினான். நாலு வரிதான். பேனா மூடியைக் கடித்துக் கடித்து, அன்றைக்குச் சாப்பாடே ஆறிப்போய்விட்டது.

பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால் வெள்ளோட்டம் விட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை பாட்டு வரும், கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அர்ஜுனன் கடையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். சுப்பன் சோப்புப் பெட்டியை பெஞ்சு மேல் வைத்து, துண்டால் ஒரு தரம் துடைத்து, முள்ளைத் திருப்பினான்.

சர்ர்ர்ர் என்றது.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினான். சர்ர்ர்ர். குச்சியை நீட்டினான், சாய்த்தான், எழுந்து நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். சர்ர்ர்ர்.

“மாமா, ஸ்டேஷன்ல இன்னா, தோச ஊத்தறாங்களா?” என்றான் அர்ஜுனன்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுப்பன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து கூரை மேல் ஏறி நின்று பிடித்தான். புங்கமரத்தில் ஏறிப் பிடித்தான். மரப்பெட்டிக்குக் கட்டிய கம்பி அங்கே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பாஞ்சாலை ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வட்டத்துக்குள்ள கீறோமாமே? கேட்டியா நீயி?” என்றாள் ஆட்டிடம்.

மறுநாள் இஞ்சினியர் ஜீப்பில் ஒரு கருவியோடு வந்தார். கூட ராஜேந்திரனும் வந்தார். டீக்கடை முன்னால் கருவியை வைத்து முள்ளைப் பார்த்தார் இஞ்சினியர். முள் படுத்துக் கிடந்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஓ” என்றார்.

“இன்னா சார்?”

“மலை.”

“மலைக்கு இன்னா சார்?”

“மலை மறைக்குது.”

அந்த ஊரில் பிறந்த வாய் எதுவும் அதுவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மழை மறைக்கும், மேகம் மறைக்கும், மலையை அது மறைக்கும், இது மறைக்கும். மலை ஒன்றை மறைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? உச்சியில் ஏற்றுகிற தீபம் சுற்றி எத்தனையோ ஊருக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கில்தான் பாட்டும் வரும் என்று ஊரே நம்பியிருந்தது. வரைபடத்தில் மலை கட்டைவிரல் அளவு பச்சைப் பொட்டு. காகிதத்தில் அதற்கு உயரமே இல்லை. சுப்பன் எழுத்தைப் படித்தானே தவிர, எழுத்து இல்லாத இடத்தைப் படிக்க அறிவொளியில் சொல்லித்தரவில்லை.

“அப்போ கோபுரத்த உச்சியில வச்சிருக்கலாமே சார்?” என்று கேட்டுவிட்டான்.

ராஜேந்திரன் பட் பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “யோவ், சும்மா இருய்யா.”

அன்று சாயங்காலம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. சுப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இஞ்சினியர் சொன்னார்: “எழுதுங்க. மேற்குப் பக்கம் மலை இடைஞ்சலா இருக்கறதால...”

தட்டச்சு நின்றுவிட்டது.

“சார், மன்னிச்சுக்கணும். அண்ணாமலையார இடைஞ்சல்னு என் கையால அடிக்க மாட்டேன் சார். பௌர்ணமி தவறாம சுத்தறவன் நானு. புள்ளகுட்டிக்காரன்.”

“சரி, தடைன்னு போடுங்க.”

“தடையும் வாணாம் சார்.”

அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் அண்ணாமலையாருக்கும் குறை வராமல், ஆபீசுக்கும் குறை வராமல் ஒரு வாக்கியம் கிடைத்தது. ‘அடி அண்ணாமலை: கேட்பவர் குறைந்த பகுதி.’ அறுபத்தொரு கடிதம் அதே மேசை மேல்தான் இருந்தது.

“அப்ப அந்தக் கார்டுங்க சார்?” என்றான் சுப்பன்.

“அதெல்லாம் தபால் புத்தகத்துல ஏறிடுச்சு சுப்பண்ணே. ஏறினா ஏறினதுதான். அன்னிக்கு அத்தன பேரும் வரும்.”

“எங்களுக்குக் கேக்காதே சார்.”

“உங்களுக்குக் கேக்காது. ஆனா வரும்.”

இஞ்சினியருக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. வெளியே வந்து சுப்பன் தோளில் கை வைத்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வந்துவிட்டால் மலை விலகிவிடும், அங்கே கொஞ்சம் எடுக்கலாம் என்றார். எடுக்கும் என்று சொல்லவில்லை. சுப்பன் இந்தத் தடவை அதைக் கவனித்தான்.

பௌர்ணமி வந்தது. காலையில் மாலை மரியாதையோடு திறப்பு விழா. அஸ்திவாரம் தோண்டியவர்களுக்கு அன்று லீவு கொடுத்திருந்தார்கள், கூட்டத்தில் நெரிசல் கூடாது என்று. அடி அண்ணாமலைக்கு அதெல்லாம் தெரியவும் இல்லை. பௌர்ணமி என்றால் அந்த ஊருக்கு வியாபாரம். ஆளுக்கொரு கடை போட்டு உட்கார்ந்தாயிற்று. பாட்டுக்காக மலையைத் தாண்டிப் போக யாருக்கும் பொழுதில்லை. பாஞ்சாலையும் வாசலில் மோர்ப் பானை வைத்திருந்தாள்.

மூன்று மணி இருக்கும். சுப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆட்டின் பக்கத்தில் குந்தினான்.

“அஞ்சு மணிக்கு ஒருத்தர் பேரு ரேடியோல வருதுன்னு சொல்லு. மலைக்கு அந்தாண்ட வருது. நடந்தா கேக்கலாம். வந்தா வரலாம்னு சொல்லு.”

பாஞ்சாலை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். இன்னொரு தம்ளரை எடுத்தாள். சுப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்தான். பத்தடி நடந்திருப்பான். பின்னால் அவள் குரல்.

“எல்லம்மா, பானைய பாத்துக்க. மோருல ஜாஸ்தி தண்ணி ஊத்திடாத.”

பக்கத்துக் கடை எல்லம்மாள் வாயைத் திறந்தபடி நின்றாள். பௌர்ணமி அன்று பாஞ்சாலை பானையை விட்டு எழுந்ததை அவள் பார்த்ததே இல்லை. கட்டிவைத்த ஆடு ம்மே என்று கத்தியது. இத்தனை மாசம் உழைத்ததை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று அதற்கும் இருக்காதா?

செங்கம் ரோட்டுக்குக் குறுக்கு வழி இல்லை. கிரிவலப் பாதையிலேயே திரும்பி நடக்க வேண்டும். லட்சம் ஜனம் வலமாக வருகிறது, இவர்கள் இரண்டு பேர் மட்டும் இடமாகப் போகிறார்கள். முன்னால் சுப்பன், ஆறடி பின்னால் பாஞ்சாலை. நடுவில் ஆடு இல்லாததால் பேச்சே இல்லை. பேச்செல்லாம் எதிரே வருகிறவர்களுடையது.

“அய்யா, எதிர்ல போறீங்களே, தப்பு இல்ல?”

“திரும்பி வாங்கம்மா, பாவம் சேரும்!”

“இன்னாத்த தொலச்சீங்க பெரியவரே?”

சுப்பன் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தான். பக்தி என்று நினைத்துச் சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கையில் சோப்புப் பெட்டி சர்ர்ர்ர் என்றபடியே வந்தது. ஒன்றரை மணி நேர நடையை ஜனம் இரண்டு மணி நேரம் ஆக்கியது. வியர்வையில் வெளுத்த சட்டை முதுகோடு ஒட்டியது.

பாதை செங்கம் ரோட்டில் சேர்ந்து, டவுனைப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடந்தபோது, தோசை ஊற்றுகிற சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் எட்டிப் பார்த்தது. சுப்பன் அப்படியே நின்றான். ஒரு அடி முன்னால் வைத்தான், போய்விட்டது. பின்னால் வைத்தான், வந்தது. ஒரு இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு ஆள் நிற்கிற அளவு இடத்தில் மட்டும் பாட்டு நின்றுகொண்டிருந்தது. ஐந்து மணி தாண்டிப் பத்து நிமிஷம். இதைவிட நல்ல இடம் தேட நேரமில்லை.

“...அடி அண்ணாமலையிலிருந்து ஜோதியம்மாள், அதே ஊரிலிருந்து அர்ஜுனன், அதே ஊரிலிருந்து எல்லம்மாள்...”

படிக்கிற பெண் இனியா என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டாள். அதே ஊரிலிருந்து, அதே ஊரிலிருந்து என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது போலிருந்தது. சுப்பன் சத்தத்தைக் கூட்டக் கட்டைவிரலை வைத்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது.

கேட்டில் ஒரு பலகை. அவன் கண்ணில் எழுத்து பட்டால் போதும், வாய் தானாகக் கூட்டும். ‘அமைதி. உள்ளே தியானம் நடக்கிறது. எவ்வித ஒலியும் எழுப்ப வேண்டாம்.’ உள்ளே எட்டிப் பார்த்தான். வெள்ளைக்காரர்கள் நடத்துகிற ஏதோ தியான விடுதி. மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

அறிவொளிக்கு முன்னால் என்றால் சுப்பனுக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. பலகை பலகையாக இருந்திருக்கும். இப்போது அது எழுத்து. அச்செழுத்து. அவன் கட்டைவிரல் போன வழியே திரும்பியது. குரல் கொசு அளவுக்குச் சின்னதாகியது.

பாஞ்சாலை பின்னாலிருந்து கிட்டே வந்தாள். காதைச் சாய்த்தாள். கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகவாயால் பலகையைக் காட்டினான். அவள் பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்து சோப்புப் பெட்டியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கடைசிவரைக்கும் திருப்பினாள்.

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதே” என்றாள்.

அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆடு நாலு மைல் தள்ளி இருந்தது.

ஏழு மாசம். சுப்பனுக்கு மண்டைக்குள் என்னமோ ஆகி, ரேடியோவில் அடுத்தது யார் பெயர் வந்தது என்றே காதில் ஏறவில்லை. அவள் முழங்கையால் இடித்த பிறகுதான் ஏறியது.

“...அதே ஊரிலிருந்து சுப்பன் எழுதியிருக்கிறார். ‘என் மனைவி பாஞ்சாலையின் ரேடியோவை நான் மாற்றிவிட்டேன். அவளுக்கு ஒரு பாட்டு உண்டு. படம் தெரியாது. கிணத்தடியில் ஒரு பெண் பாடும். நடுவில் புல்லாங்குழல் வரும். அது வரும்போது அவள் புடைப்பதை நிறுத்திவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொள்வாள். அந்தப் பாட்டு வேண்டும்.’”

காகிதம் திருப்புகிற சத்தம் கேட்டது.

“நேயர் கேட்ட பாடல் எதுவென்று சரியாகத் தெரியாததால், திருமதி பாஞ்சாலை அவர்களுக்காக, கிணறு பற்றிய வேறொரு பாடல் இதோ.”

டண் டண் என்று உளி அடிக்கிற சத்தத்தோடு ஆரம்பித்தது பாட்டு. ஆம்பளைக் குரல் நாலைந்து சேர்ந்து பாடியது. கிணறு வெட்டுகிறவர்கள் பாடுகிற பாட்டு. பாறை, மண்வெட்டி, கூலி எல்லாம் அதில் வந்தது. லீவு நாளில்கூட அந்தச் சத்தம் அவனை விடவில்லை.

“இது அது இல்ல” என்றாள் பாஞ்சாலை.

“இல்லதான்.”

“புல்லாங்குழலு எங்க இதுல?”

“இல்லதான் பாஞ்சால.”

“மொறத்த மடியில வச்சிக்குவேனாமே? அத எப்பய்யா நீ பாத்த? தூங்கற மாதிரி இல்ல படுத்துக்கினு இருப்ப?”

சுப்பன் பலகையை இன்னொரு தரம் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். கிணறு வெட்டுகிறவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. வெள்ளைப் பைஜாமா போட்ட ஒரு அம்மா எழுந்து கேட்டுக்கு வந்தாள். கைகூப்பிச் சிரித்து, விரலை உதட்டில் வைத்து, பலகையைக் காட்டினாள்.

“இன்னாவாம் இவளுக்கு?” என்றாள் பாஞ்சாலை.

“சத்தம் போடக் கூடாதாம். எழுதியிருக்குது.”

“நான் ஏழு மாசம் போடலியே. அது போதாதாமா?”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுபடி கும்பிட்டாள். பாஞ்சாலையும் கும்பிட்டாள். பிறகு சோப்புப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். பாட்டு பாதியில் சர்ர்ர்ர் என்றாகியது. சுப்பன் பக்கத்தில் ஓடிச் சேர்ந்தான்.

இப்போது அவர்கள் வலமாகப் போனார்கள். ஜனமும் அதே திசையில் போனது. இடிக்கிறவன் இல்லை, பாவம் சேரும் என்கிறவன் இல்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போனது, காலுக்கு வேலையில்லை. வாய்க்குத்தான் வேலை. பாஞ்சாலை ஆரம்பித்தாள்.

“நூறு மைலுக்கு அந்தாண்ட மெட்ராஸ்ல பாடினது என் வூட்டு மாடத்துல வந்து வுழுந்துச்சு. மலைய ஏறி வந்துச்சோ, சுத்தி வந்துச்சோ, அதுக்குத் தெரிஞ்சுது. இதோ இங்க கீற வேட்டவலம் ரோட்டுல இருந்து வர மாட்டேங்குது உன் கவர்மெண்டுப் பாட்டு. நீ தோண்டின குழிதானய்யா அது? தோண்டறப்ப நிமுந்து பாக்க மாட்டியா, எதிர்ல இம்மாம் பெரிய மலை நிக்குதேன்னு?”

“படத்துல சின்னதா இருந்துச்சு.”

“படத்துல!” என்றாள் அவள், பக்கத்தில் நடந்த யாரோ பக்தரைப் பார்த்து. “கேட்டீங்களா சாமி? படத்துல சின்னதா இருந்துச்சாம்.”

பக்தர் சிவசிவா என்று சொல்லி நகர்ந்துகொண்டார்.

செங்கம் ரோட்டை விட்டுப் பாதைக்குள் திரும்பினார்கள். உப்பு ஜாடி வந்தது, அண்ணன் ரேடியோவை வைத்துக் கொடுத்த சீர் தட்டு வந்தது, அறிவொளி வந்தது, ஏழு மாசமும் நாள்வாரியாக வந்தது. ஒன்றையும் அவள் மறக்கவில்லை. அவள் இடுப்பில் சோப்புப் பெட்டி சர்ர்ர்ர் என்று இரைந்துகொண்டே இருந்தது. அவள் சொல்கிற எல்லா வார்த்தையும் சரியாகக் காதில் விழவில்லை என்று, நடந்தபடியே கையை நீட்டி சுப்பன் அதை அணைத்தான்.

“அதான பாத்தேன். அத மட்டும் அணைக்கத் தெரியுது” என்றாள் பாஞ்சாலை. “இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?”

“சீர் தட்டு” என்று எடுத்துக்கொடுத்தான் சுப்பன்.